உலகச் சந்தையும் ஒரு மக்களின் பெயரும்
மலையகத் தமிழரின் அடையாளம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உலகமயமாக்கம் என்னும் சொல் அண்மைக் காலத்தில் வழக்குக்கு வந்ததாகும். அது குறிக்கும் நிகழ்ச்சியோ பல நூற்றாண்டுப் பழமை உடையது. ஒரு நாட்டின் நிலமும் உழைப்பும் தொலைவிலுள்ள ஒரு சந்தையின் தேவைக்கேற்ப மாற்றியமைக்கப்படுவதும், அதன் பொருட்டு மக்கள் கடல் கடந்து கொண்டுசெல்லப்படுவதும், அவர்தம் மொழியும் வழிபாடும் கலையும் புதிய சூழலில் புதிய வடிவம் பெறுவதும் குடியேற்றவாதக் காலம் முழுவதும் நிகழ்ந்தவையே. இவற்றின் பண்பாட்டு விளைவுகளை ஆராய்வோர் பெரும்பாலும் இரு கருத்துகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்பர். உலகச் சந்தை புகுந்த இடமெங்கும் பண்பாட்டு வேறுபாடுகள் தேய்ந்து மறையும் என்பது ஒன்று. மக்கள் எங்குச் சென்றாலும் தம் மரபைச் சிதையாமற் காத்துக்கொள்வர் என்பது மற்றையது. முன்னது அச்சத்திலிருந்தும் பின்னது பெருமிதத்திலிருந்தும் பிறக்கின்றது. இவ்விரண்டும் வரலாற்றின் முன் எத்துணை தூரம் நிற்கும் என்பதை அறிய இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு தக்கதொரு சான்றாகும். இம்மக்கள் ஒரு சமூகமாக உருவானதற்கே உலகச் சந்தை காரணமாயிற்று என்பதும், இவர்கள் யார் என்னும் வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறரே விடை கூறி வந்தனர் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கவை.

கோப்பியும் கண்டிச் சீமையும்

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு அமைக்கப்பட்டது. 1820களிற் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டச் செய்கை தொடங்கியது. எனினும் அது பெருந்தொழிலாக வளர்ந்தமைக்கான காரணங்களை இலங்கைக்கு வெளியிலேயே தேடவேண்டும். 1834 இல் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை சட்டப்படி முடிவுற்றபோது மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி உற்பத்தி தளர்ந்தது. 1835 இல், மேற்கிந்தியக் கோப்பி பிரித்தானியச் சந்தையில் அனுபவித்துவந்த வரிச் சலுகை இலங்கைக் கோப்பிக்கும் கிடைத்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்டவியலாத நிலங்களை அரசுடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அந்நிலங்கள் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தம் சேனை நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தனர். எனவே உலகச் சந்தையின் வருகையால் முதலில் நிலைகுலைந்தோருள் அவர்களும் அடங்குவர். இவ்வுண்மையை மறந்து மலையக வரலாற்றை எழுதுதல் பொருந்தாது.

வயலும் தோட்டமும் உடைய கிராமத்தவர் நிரந்தரக் கூலிகளாக வர விரும்பவில்லை. ஆகவே சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. பஞ்சமும் கடனும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் அங்கிருந்து மக்களைத் தள்ளின. தோணியிற் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். அவர்களது பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கோப்பிக் காலத்திற் சென்றவரிற் பெரும்பாலோர் மீண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்திலேயே ஆட்கள் மிகுதியாக வேண்டப்பட்டனர். பருவம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினர். ஆதலால் அவர்தம் அடையாளம் இன்னும் ஊரையும் உறவையும் சாதியையும் சார்ந்ததாகவே இருந்தது. அவர்கள் தம்மை ஒரு தனிச் சமூகமாகக் கருதவில்லை. கருதுதற்கு வேண்டிய வாழ்க்கைச் சூழலும் அப்போது தோன்றவில்லை.

தேயிலையும் நிலைத்த குடிகளும்

1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் காணப்பட்ட இலைநோய் கோப்பிச் செய்கையைச் சில ஆண்டுகளிற் சீரழித்தது. 1884 இல் தோட்டக்காரருக்குக் கடன் வழங்கிவந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. இதற்கிடையில், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873 இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். அந்நூற்றாண்டின் இறுதியிற் பிரித்தானியரின் தேநீர்க் கோப்பையிலிருந்து சீனத் தேயிலை பெரிதும் விலக்கப்பட்டு, இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

பயிர் மாறியபோது மனித உறவுகளும் மாறின. கோப்பியைப் போலத் தேயிலை பருவம் பார்ப்பதில்லை. கொழுந்து வாரந்தோறும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்கப்படல் வேண்டும். அதற்கு ஆடவரினும் பெண்டிரின் உழைப்பே மிகுதியும் வேண்டப்பட்டது. எனவே தோட்ட நிருவாகம் தனியாட்களை விடுத்துக் குடும்பங்களை நாடியது. 1876 – 1878 காலப்பகுதியிற் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும்பஞ்சமும் மக்களை இப்பக்கம் உந்தியது. வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட லயன்களிற் குழந்தைகள் பிறந்தனர், வளர்ந்தனர், அதே மலையிற் கொழுந்து பறித்தனர், அதே மலையிற் புதைக்கப்பட்டனர். இங்ஙனம் ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறை ஊர் என்று சுட்டுவது இராமநாதபுரத்தையோ திருச்சிராப்பள்ளியையோ அன்றித் தோட்டத்தையே என்றாயிற்று.

தோட்டத்து மொழி இம்மாற்றத்துக்குச் சிறந்த சான்றாகும். ‘கங்காணி’ பழந்தமிழ்ச் சொல்லின் வழி வந்தது. கண்காணிப்பவன் என்ற பொருள் சுருங்கி, ஆள் திரட்டிக் கடன் கொடுத்து வேலை வாங்கும் இடையாளைக் குறிக்கலாயிற்று. அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘பெரட்டு’ ஆகி, விடியற்காலையில் ஆட்களை ஒன்றுகூட்டும் நிகழ்ச்சிக்கு வழங்கிற்று. லயத்து அறையைக் குறிக்கும் ‘காம்பரா’ போர்த்துக்கேய மூலம் உடையது. இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்க சொல் ‘பேர்’ என்பது. தோட்டத்திற் பேர் என்பது ஒரு நாள் வேலைக்குரிய பதிவு. குறித்த அளவு கொழுந்து நிறுத்துக் கொடுத்தவருக்குப் பேர் விழும், குறைந்தவருக்கு அரைப்பேர். பிற தமிழர்க்கெல்லாம் ஒருவரை அவராகக் காட்டும் சொல் தோட்டத்தில் ஒரு நாட் கூலியின் அளவாயிற்று. உழைப்பு சரக்காக மாறுதல் பற்றிப் பொருளியல் நூல்கள் விரித்துக் கூறுவதை இவ்வொரு சொல் சுருங்கக் கூறிவிடுகின்றது.

கூத்தும் கூட்டு வாழ்வும்

இத்தகைய சூழலிற் பண்பாடு என்ன ஆயிற்று? தோட்ட மக்கள் தம் ஊர்களிலிருந்து தெய்வங்களையும் கதைகளையும் கூத்துகளையும் கொண்டுவந்தனர். மாரியம்மன் திருவிழாவும் பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் காமன் கூத்தும் அவற்றுட் சில. ஆயினும் அவை வந்தவாறே நின்றுவிடவில்லை. தமிழகத்தின் பல்வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே லயத்தில் வாழ நேர்ந்தபோது ஓர் ஊரின் வழக்கு எல்லோருக்கும் பொதுவாகவும், வேறோர் ஊரின் வழக்கு மறையவும் கண்டோம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு வந்த சில குழுவினர் நாளடைவில் தமிழையே தம் மொழியாகக் கொண்டனர். பண்பாட்டு வேறுபாடுகள் தேயும் என்போர் கூற்று இவ்வளவிற்கு உண்மையே.

எனினும் தேய்ந்தது மட்டும் நிகழவில்லை. காமன் கூத்தை எடுத்துக்கொள்வோம். மாசி மாதத்திற் கம்பம் நட்டுத் தொடங்கும் இக்கூத்து, இரதி மன்மதன் திருமணமும் மன்மதன் எரிவதும் இரதியின் புலம்பலுமாகப் பல நாள்கள் தொடர்வது. தமிழகக் கிராமங்களிலும் காமன் விழா உண்டு. மலையகத்திலோ அது தோட்டம் முழுவதும் கூடி நடத்தும் ஆண்டுப் பெருநிகழ்ச்சியாயிற்று. பகல் முழுவதும் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்தவர்கள் இரவில் தேவராகவும் யமனாகவும் வீரபத்திரனாகவும் வேடம் புனைந்தனர். துரையும் கணக்கப்பிள்ளையும் வகுத்த காலக் கணக்குக்குப் புறம்பாக, மக்கள் தாமே வகுத்துக்கொண்ட காலம் அதுவாகும். பெரட்டுக்கு ஆட்களை அழைத்த தப்பே இரவிற் கூத்துக்கும் முழங்கியது. ஒரே கருவி காலையில் ஏவலின் குரலாகவும் இரவில் மக்களின் குரலாகவும் ஒலித்தமை தோட்டப் பண்பாட்டின் இயல்பை நன்கு புலப்படுத்தும்.

இதனைக் கூறும்போது அப்பண்பாட்டை மிகைப்பட உயர்த்துதலும் ஆகாது. சாதி தோட்டத்துக்குள் வந்தபின் அழிந்துவிடவில்லை. பெரியகங்காணிகள் பெரும்பாலும் உயர்சாதியினராகவும் தப்படித்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினராகவுமே இருந்தனர். லயன்களை ஒதுக்குவதிலும் சாதி பார்க்கப்பட்டது. ஆயினும் ஒரே நிறுவைத் தட்டில் எல்லோர் கொழுந்தும் நிறுக்கப்பட்டபோது, ஊரில் இருந்த வலிமையோடு சாதி இங்கு நிற்கவியலவில்லை. அது தளர்ந்தது, மறையவில்லை. மரபு சிதையாமற் காக்கப்பட்டது என்போர் கூற்றும், எல்லாம் புதிதாயிற்று என்போர் கூற்றும் இங்கு ஒருங்கே திருத்தம் பெறுகின்றன.

பிறர் இட்ட பெயர்கள்

ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வு இங்ஙனம் ஒரு மண்ணில் வேரூன்றிக்கொண்டிருந்த அதே வேளையில், அரசின் ஏடுகள் அவர்களை வேறொரு மண்ணுக்கு உரியவராக எழுதிக்கொண்டிருந்தன. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே முதன்முறையாகத் தமிழர் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரு வகுப்பாகப் பிரித்துக் கணக்கிடப்பட்டனர். கணக்கெடுப்பின் வசதிக்காக எழுந்த இப்பிரிவு பின்னர் அரசியற் பிரிவாக வளர்ந்தது. 1931 இல் டொனமூர் யாப்பின் கீழ்ச் சர்வசன வாக்குரிமை வந்தபோது, தோட்ட மக்களுக்கு வாக்குரிமை வழங்குவதற்குத் தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே நிலைமை மேலும் கடுமையாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயன்களில் அத்தகைய சான்றை எங்ஙனம் காட்டுவது? 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் தொகை ஏறத்தாழ 1,34,000 மட்டுமே. 1947 தேர்தலிலே தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுட் பெரும்பாலோரின் பெயர் 1952 தேர்தலின்போது வாக்காளர் இடாப்பில் இல்லை. தோட்டத்துச் செக்றோலில் நாள்தோறும் பேர் விழுந்தவருக்கு நாட்டின் ஏட்டிற் பெயரில்லாமற் போயிற்று.

இதே காலத்தில் இலங்கைத் தேயிலையின் விளம்பரங்களிலெல்லாம் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் உலகெங்கும் சென்றுகொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவ்வுருவம் இலங்கையின் அடையாளமாயிற்று. அவ்வுருவத்துக்கு உரியவளோ இலங்கையின் குடிமகளாகவில்லை. உலகச் சந்தை பண்பாட்டு அடையாளத்தைக் கையாளும் முறை இதனால் விளங்கும். அது உருவத்தை விரும்பி ஏற்கும். உருவத்துக்குரியவரின் உரிமைபற்றிக் கவலை கொள்ளாது. ஆயினும் உரிமையை மறுத்தது சந்தையன்று, சட்டமே. சந்தையின் மீது முழுப் பழியையும் சுமத்துவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

1964 ஒக்ரோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரை நாடற்றவராகக் கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தத்தை நிறைவேற்றியபோது குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார் நோக்கிச் செல்வோரையும் வழியனுப்ப வந்தோரையும் ஒருங்கே அழவைத்த புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். சென்றவருட் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலை மலைகளையே அடைந்தனர். தாயகம் திரும்பியவர் என அரசேடுகள் கூறிய அவர்களை அங்குள்ளோர் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தனர். இங்கு இந்தியர், அங்கே சிலோன்காரர். இரு கரையிலும் அவர்களுக்கு மறுகரையின் பெயரே வாய்த்தது.

தாமே இட்டுக்கொண்ட பெயர்

பிறர் இட்ட பெயர்களுக்கு எதிராக ஒரு மக்கள் தம் பெயரைத் தாமே தேடிக்கொள்ளுதல் ஒரு நாளில் நிகழ்வதன்று. 1924 இல் கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். பின்னர்த் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் நிலையைப் பாட்டாக இயற்றி அவர்களிடையே பாடினார். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். இக்காலத்து இயக்கங்களின் பெயரிலும் ‘இந்திய’ என்னும் அடைமொழி நின்றமை கருதத்தக்கது. இந்திய விடுதலை இயக்கத்தின் வலிமையைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள அது பயன்பட்டது. பிரசாவுரிமை பறிபோனபின் அதே அடைமொழி அவர்களுக்கு எதிரான சான்றாகக் காட்டப்பட்டது.

எனவே ஒரு புதுப் பெயர் வேண்டியதாயிற்று. அதனைத் தந்தவர்கள் தோட்டத்திற் பிறந்து பள்ளிக்கூடம் கண்ட முதலிரு தலைமுறையினர் ஆவர். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திற் கவிதை எழுதியதோடு தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தொகுத்தார். 1960களில் ஹற்றன் முதலிய நகரங்களின் ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் ‘மலையகம்’ என்னும் சொல்லை ஒரு பிரதேசத்தின் பெயராக மட்டுமன்றி ஒரு மக்களின் பெயராகவும் எடுத்தாண்டனர். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964 இலும், தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974 இலும் வெளிவந்தன. ‘இந்தியத் தமிழர்’ என்னும் பெயர் அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதைச் சொல்லிற்று. ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயர் அவர்கள் எங்கே நிற்கின்றனர் என்பதைச் சொல்லிற்று. இரு பெயர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே.

பெயரைத் தொடர்ந்து சட்டமும் மெல்ல நகர்ந்தது. 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைப் பெரும்பாலும் முடிவுக்குக் கொண்டுவந்தன. ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றுவிட்டன. அதற்கிடையிற் கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாகி, 1992 இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. 1998 இல் இலண்டன் தேயிலை ஏலம் நிறுத்தப்பட்டது. இவ்வனைத்து மாற்றங்களின் ஊடும் லயன்கள் பெருமளவில் அவ்வாறே நின்றன. குடியிருக்கும் காம்பராவோ அது நிற்கும் நிலமோ குடியிருப்பவருக்கு உரியதாகவில்லை.

இன்று தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணி புரிகின்றனர். தோணியில் வந்தவரின் வழித்தோன்றல்களை விமானம் கொண்டுசெல்கின்றது. உலகச் சந்தை அவர்களை இரண்டாம் முறையாக இடம்பெயர்க்கின்றது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னோர் சென்றபோது அவர்களுக்கு ஊர்ப் பெயரும் சாதிப் பெயருமே இருந்தன. இன்று செல்வோர் தம்மை மலையகத்தார் என்று சொல்லிக்கொண்டு செல்கின்றனர். மலையக மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைவுற்றதாகக் கொள்ளப்பட்ட 2023 இல், முன்னோர் நடந்த வழியை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்னும் வகுப்பின் பெயரோடு ‘மலையகத் தமிழர்’ என்பதும் சேர்த்து எழுதப்பட்டது. 1911 இல் பிறர் எழுதிய சொல்லுக்கு அருகே அம்மக்களின் சொல்லும் இடம்பெற நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் வேண்டியிருந்தன.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து சில உண்மைகள் பெறப்படும். உலகச் சந்தை பண்பாட்டு வேறுபாடுகளை அழிக்கவும் செய்தது, ஆக்கவும் செய்தது. பல ஊர்களின் வழக்குகளைத் தேய்த்த அதே தோட்டம் முன்பு இல்லாத ஒரு பண்பாட்டுக்குப் பிறப்பிடமாயிற்று. ஆனால் அப்பண்பாட்டை உடையவர்க்கு மதிப்பான வாழ்வு கிட்டுமா என்பதைச் சந்தையோ மரபோ தீர்மானிக்கவில்லை. வாக்குரிமை, பிரசாவுரிமை, பாடசாலை, நிலம் ஆகியவையே தீர்மானித்தன. இவை மறுக்கப்பட்டபோது காமன் கூத்தும் மாரியம்மன் திருவிழாவும் இருந்தும் மக்கள் ஒப்பாரிக் கோச்சியில் ஏற்றப்பட்டனர். இவற்றுட் சில கிடைத்தபோது தம் பெயரைத் தாமே சொல்லும் வலிமை அவர்களுக்கு வந்தது.

ஆதலால், உலகமயமாக்கத்திடமிருந்து பண்பாட்டைக் காப்பது எங்ஙனம் என்று வினவுவோர், கலைகளைப் பேணுவதுபற்றிச் சிந்திப்பதோடு நின்றுவிடலாகாது. கூத்தை அரங்கில் ஏற்றிப் போற்றும் சமூகம், கூத்தாடியவர் குடியிருக்கும் நிலம் யாருடையது என்னும் வினாவுக்கும் விடை கூறுதல் வேண்டும். மலையக மக்கள் நாட்டின் ஏட்டில் தம் பெயரை எழுதிக்கொண்டுவிட்டனர். நிலத்தின் உறுதியில் அப்பெயர் இன்னும் எழுதப்படவில்லை.